ஸ்பீக்கர் முதலில், வாட் கணக்கு அப்புறம்

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட் ரிசீவர் எடுக்கலாம்?" என்பதுதான். (ரிசீவர் என்பது எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப், அதற்குள்தான் இருக்கும்.) அதற்கு நேரடியாகப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பதிலுக்கு நான் கேட்பது வேறு: சோபாவுக்கும் டிவிக்கும் எவ்வளவு தூரம், படம் பார்க்கும்போது சத்தம் எவ்வளவு வைப்பீர்கள், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள். இதெல்லாம் தெரிந்துவிட்டால் எந்த ஸ்பீக்கர் என்பது பாதி முடிவாகிவிடும், ஸ்பீக்கர் முடிவானால் ஆம்ப் தானாக வந்து உட்காரும். அட்டைப்பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஆம்பிலிருந்து ஆரம்பிப்பவர்கள்தான் பிறகு வசனம் புரியவில்லை, பேஸ் (அடித்தொனி ஒலி) ஒரே இடத்தில் உறுமுகிறது என்று போன் செய்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், வெறும் கூட்டல் கழித்தல்தான். ஒவ்வொரு ஸ்பீக்கரின் விவரத் தாளிலும் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தபோது அவ்வளவு சத்தம் வந்தது என்று பொருள். நான் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும், அறைக்குள் சுவரும் கூரையும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதால் அவ்வளவு போகாது. நான் மொத்தமாக 7 டெசிபல் கழித்துக்கொள்வேன். ஆக, 1 வாட்டுக்கு என் காதுக்கு வருவது 80. தியேட்டர் அளவு என்று சொல்கிற ரெஃபரன்ஸ் அளவில் ஒரு சேனலின், அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலித்தடத்தின், உச்ச சத்தம் 105 டெசிபல். இன்னும் 25 டெசிபல் வேண்டும். 10 டெசிபலுக்கு 10 மடங்கு வாட், 20-க்கு 100 மடங்கு, 25-க்கு ஏறக்குறைய 316 மடங்கு. அதாவது ஒரு சேனலுக்கு 316 வாட், சாதாரண ரிசீவர் எதுவும் அந்தப் பக்கமே போகாது.

இதைப் பார்த்து மிரள வேண்டாம். ரெஃபரன்ஸ் அளவில் வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ரிசீவரை மைக் வைத்து அளவெடுத்து முடித்த பிறகு வால்யூம் 0 என்று காட்டும் இடம்தான் ரெஃபரன்ஸ். நான் -15-இல் பார்ப்பேன், இரவு நேரம் என்றால் இன்னும் கீழே. -15-இல் உச்சம் 90 டெசிபல், அதற்கு வேண்டியது 10 வாட். ஆமாம், பத்தே வாட். -10 வரை ஏற்றினாலும் 32 வாட் போதும். அதுவும் வெடிச் சத்தம் வரும் அந்த ஒரு நொடிக்குத்தான், மற்ற நேரமெல்லாம் ஒரு வாட்டுக்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இதே இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கரை வைத்துப் பாருங்கள். ரெஃபரன்ஸ் அளவுக்கே 100 வாட் போதும் என்று வரும். வெறும் 5 டெசிபல் வித்தியாசம் ஆம்பின் வேலையை மூன்றில் ஒரு பங்காக்கிவிடுகிறது. 100 வாட் ரிசீவரை விட்டுவிட்டு 200 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல், காதுக்குக் 'கொஞ்சம் ஏறியிருக்கிறது' என்று தெரியும் அளவு, அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே சத்தம் போதாது என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஸ்பீக்கரின் விவரத் தாளைத்தான்.

அந்தத் தாளிலும் ஒரு சூது உண்டு. பல நிறுவனங்கள் 1 வாட் என்று போடாமல் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை, எண் குறையக் குறைய ஆம்பிலிருந்து அதிகம் இழுக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் கொடுத்தால் 2 வாட் இழுக்கும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 90 என்று போட்டிருந்தால் மனதுக்குள் 87 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஓம் பற்றிப் பேசும்போது ஒரு நண்பர் வீட்டுக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல உயரமான டவர் ஸ்பீக்கர் ஜோடி, 4 ஓம். நடுத்தர ரிசீவர். படம் சண்டைக் காட்சிக்குப் போனதும் ரிசீவருக்குள் 'டிக்' என்று ரிலே (தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழும் சத்தம், திரையில் படம் ஓடுகிறது, சத்தம் சுத்தமாக இல்லை, முகப்பில் சின்ன சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது. அணைத்துவிட்டு அரை மணி கழித்துப் போட்டால் மறுபடி ஓடும். மெஷினே கோளாறு, மாற்றித் தரச் சொல்லப் போகிறேன் என்று கொதித்துக்கொண்டிருந்தார். நான் ரிசீவரின் மேல்மூடியைத் தொட்டேன், கையை வைத்திருக்க முடியவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஸ்டாண்டுக்குள் மேலே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லாமல் செருகியிருந்தார், போதாததற்கு செட்-டாப் பாக்ஸ் அதன் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. மெனுவில் முன் ஸ்பீக்கர் இரண்டும் 'லார்ஜ்'. அதாவது பேஸ் முழுவதையும் அந்த 4 ஓம் டவர்களுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது ரிசீவர், பக்கத்தில் பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர், சுருக்கமாகச் சப், பாதி வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அங்கே எதையும் மாற்றித் தரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்பீக்கரை 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவரை, அதாவது ஒலியைச் சப்புக்குப் பிரித்துவிடும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்தோம், ரிசீவரை மேல் தட்டுக்குக் கொண்டு வந்து தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டோம். டிக் சத்தம் நின்றது. பெரிய ஸ்பீக்கரைப் போய் ஸ்மால் என்று சொல்வதா என்று அவருக்கு மனம் ஒப்பவே இல்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, 80-க்குக் கீழே உள்ளதைச் சப்புக்கு அனுப்பு என்பதற்கான பொத்தான் அது. ஆம்புக்கு மூச்சு வாங்குவது அந்தக் கீழ்ப்பகுதியில்தான், சப்புக்குள் அதற்கென்றே தனி ஆம்ப் இருக்கும்போது அந்தச் சுமையை ரிசீவர் தலையில் வைப்பானேன்?

ஓம் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. 8 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு சராசரிப் பெயர், உண்மையான எண் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் விதிப்படி மிகக் குறைந்த இடம் சொன்ன எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, அதாவது 8 ஓம் என்றால் 6.4. நடைமுறையில் 8 என்று எழுதிவிட்டு ஏதோ ஓர் இடத்தில் 3.5-க்கு இறங்கும் ஸ்பீக்கர்கள் தாராளமாக உண்டு. விவரத் தாளில் 'மினிமம் இம்பீடன்ஸ்' (மிகக் குறைந்த ஓம்) என்று தனியாகக் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் யாராவது அளந்து போட்ட வரைபடத்தைத் தேடுங்கள். 8 ஓமும் 88-க்கு மேல் சென்சிட்டிவிட்டியும் உள்ள ஸ்பீக்கரை ஏறக்குறைய எந்த ரிசீவரும் சிரமமில்லாமல் ஓட்டும். 4 ஓம், 84 டெசிபல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால்தான் தனி பவர் ஆம்ப் பற்றி யோசிக்க வேண்டும். அப்புறம், ரிசீவர் மெனுவில் 4 ஓம் / 8 ஓம் என்று ஒரு தேர்வு இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஓடிப்போய் அதை 4-க்கு மாற்றுவார்கள். பெரும்பாலான ரிசீவர்களில் அது செய்வது உள்ளே வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துவது, கூடவே சக்தியும் குறையும். நான் அதை 8-லேயே விட்டுவிட்டு காற்றோட்டத்தைக் கவனிப்பேன்.

ரிசீவரின் வாட் எண்ணைப் படிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். முகப்பில் 150 வாட் என்று இருக்கும், கீழே பொடி எழுத்தில் '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்' என்று இருக்கும். டிஸ்டார்ஷன் என்பது ஒலிச் சிதைவு, 10% என்றால் காது கூசும் நிலை. அதே ரிசீவரின் கையேட்டில் இன்னொரு வரி கிடைக்கும்: '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08%, இரண்டு சேனல்'. அங்கே எண் நன்றாக இறங்கியிருக்கும், அதுதான் ஒப்பிட வேண்டிய எண். எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் ஓடினால் இன்னும் இறங்கும், ஒரே பவர் சப்ளையைத்தான் எல்லோரும் பங்கு போடுகிறார்கள். படத்தில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அபூர்வம் என்பதால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. இந்த எண் விளையாட்டு புதிதும் அல்ல, அமெரிக்காவில் இதை அடக்குவதற்கென்றே 1974-இல் விதி கொண்டுவந்து, 2024-இல் மறுபடி இறுக்கினார்கள். பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்சத்தை ஊதிக் காட்டும் வாட் கணக்கு) என்று எங்காவது பார்த்தால் அந்தப் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

சரி, ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது? காதால்தான், ஆனால் காதை ஏமாற்றுவது மிகச் சுலபம். இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒன்று 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் 'தெளிவாக, உயிரோட்டமாக' இருப்பதாகத் தோன்றும். நான் கேட்கப் போகும்போது போனில் ஒரு சத்தம் அளக்கும் செயலியும் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) கோப்பும் எடுத்துப் போவேன். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து இரண்டுக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமைச் சமன் செய்தால் போதும். அதன் பிறகு நாற்காலியை விட்டு எழுந்து பக்கவாட்டில் நகர்ந்து கேட்பேன். நல்ல ஸ்பீக்கர் பக்கவாட்டிலும் அதே குரலில்தான் பேசும், சத்தம் மட்டும் மெல்லக் குறையும். நம் காதுக்கு வருவதில் பெரும்பகுதி சுவரில் பட்டு வருவது, அந்தச் சுவருக்குப் போவது பக்கவாட்டு ஒலிதான். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்து வைத்துப் பல வருடம் நடத்திய சோதனைகளின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: நேராகச் சமமாகவும், பக்கவாட்டில் வழவழப்பாகவும் இறங்கும் ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். அந்த வழியில் வந்த சிடிஏ-2034 என்ற அளவீட்டு வரைபடம் இப்போது பல ஸ்பீக்கர்களுக்குக் கிடைக்கிறது. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தால் நேரில் கேட்க முடியாத ஸ்பீக்கரைப் பற்றியும் முக்கால்வாசி தெரிந்துகொள்ளலாம்.

சப் வைக்கப் போகிறீர்கள் என்றால் டவர் அவசியமில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எப்படியும் வெட்டப் போகிறோம், நல்ல புக்ஷெல்ஃப் (ஸ்டாண்டிலோ மேசையிலோ வைக்கும் சின்ன ஸ்பீக்கர்) ஜோடியே போதும். மிச்சப்படும் பணத்தைச் சென்டரில், அதாவது டிவிக்கு நேராக வைக்கும் நடு ஸ்பீக்கரில், போடுங்கள்.

சென்டர்தான் வீட்டில் சண்டை வரும் இடம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும்போதெல்லாம், "என்னடா சொல்றான் இவன்? கொஞ்சம் சத்தமா வை" என்பார். ஏற்றினால் அடுத்த காட்சியில் கார் வெடிக்கும், "காது கிழியுதுடா" என்பார். ரிமோட் கையை விட்டு இறங்காது. படத்தின் வசனம் பெரும்பாலும் சென்டரிலிருந்துதான் வருகிறது, பெரும்பாலான வீடுகளில் அந்த ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், முழங்கால் உயரத்தில், உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். தட்டின் முன் விளிம்புவரை இழுத்து, விளிம்பைத் தாண்டி நகத்தளவு நீட்டியிருக்கும்படி வைத்தேன். அடியில் கதவுக்குப் போடும் ரப்பர் ஆப்பைச் செருகி, ட்வீட்டர் (மேல் அதிர்வெண் ஒலி தரும் சின்னப் பகுதி) சோபாவில் உட்காருபவர் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். மெனுவில் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றினேன். தட்டின் மேற்பரப்பில் பட்டுக் குழம்பி வந்த ஒலி போனதுமே 'ச', 'த' எல்லாம் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. இரவு நேரத்துக்கு டைனமிக் ரேஞ்சை, அதாவது மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை, குறைக்கும் வசதியையும் போட்டுவிட்டேன், வெடிப்பு தானாக அடங்கும். ஓர் ஆம்பும் மாற்றவில்லை.

சென்டர் வாங்கும்போது முன் ஸ்பீக்கர்களின் அதே வரிசையிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் இடமிருந்து வலம் ஓடும் கார் நடுவில் வேறு காராக மாறிவிடும். படுக்கை வசமாக வூஃபர்-ட்வீட்டர்-வூஃபர் என்று வைத்த சென்டர்களில் (வூஃபர் என்பது கீழ் ஒலி தரும் பெரிய கூம்பு) ஓரத்தில் உட்காருபவருக்குச் சில அதிர்வெண்கள் காணாமல் போகும், இரண்டு வூஃபரின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால். இடம் இருந்தால் மூன்றாவதாக அதே புக்ஷெல்ஃபையே நிற்க வைத்துச் சென்டராக்குவது எனக்குப் பிடித்த வழி. சரவுண்டை, அதாவது பக்கவாட்டு ஸ்பீக்கர்களை, பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம், சின்னதாக இருக்கட்டும், 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) என்றால் காதுக்குப் பக்கவாட்டில் சற்றே பின்னால், திரையை 0 என்று வைத்து 110 டிகிரிவாக்கில் வையுங்கள், போதும்.

சப்புக்கு ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, ஆகவே இங்கே பொருத்தம் பார்க்க வேண்டியது அறையோடு. 5 மீட்டர் நீள அறையில் ஒலியின் வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 34 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண் சுவரோரம் பொங்கி வழியும், அறையின் சரிபாதியில் ஏறக்குறைய இல்லாமலே போகும். சரிபாதியில்தான் பலர் சோபா போடுகிறார்கள்! நான் சோபாவை இரண்டடி பின்னால் தள்ளியதும், இத்தனை நாள் இந்தப் பேஸ் எங்கே இருந்தது என்று வீட்டில் கேட்டார்கள். சோபாவை நகர்த்த முடியாவிட்டால் சப்பைத் தூக்கிச் சோபாமேல் வைத்து, பேஸ் உள்ள காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தரையோடு தவழ்ந்து அறையைச் சுற்றுங்கள். எந்த இடத்தில் பேஸ் சமமாக, உறுமாமல் கேட்கிறதோ அங்கே சப்பை வைக்கலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 5.1-இல் அந்த .1 சேனல் மற்றவற்றைவிட 10 டெசிபல் கூடுதலாகப் போகும்படி அமைத்தது, ரெஃபரன்ஸில் 115 டெசிபல். எனவே வாட் மோகம் இருப்பவர்கள் அதைச் சப்பில் காட்டிக்கொள்ளலாம், அங்கே அது வீணாகாது.

அடுத்து அளவெடுப்பு: ரிசீவர் மைக் வைத்து அறையைக் கேட்டு ஸ்பீக்கர்களைத் தானே சரிசெய்துகொள்வது, ஆடிஸி, டிராக் எல்லாம் அந்த வகை மென்பொருள். மைக்கை ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். சோபா முதுகில் சாய்த்து வைக்காதீர்கள், திண்டில் பட்டு வரும் ஒலியையும் அது நம்பிவிடும். சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்துக்கு வைத்துவிட்டு வால்யூமைப் பாதியில் வைத்து ஆரம்பியுங்கள். முடிந்ததும் மெனுவில் சப்பின் தூரம் 5 மீட்டர் என்று காட்டும், டேப் வைத்தால் 3 மீட்டர்தான் இருக்கும். அதைத் திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றால் ஒலி தாமதமாகிறது, அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. டவரை லார்ஜ் என்று போட்டிருந்தால் ஸ்மாலாக மாற்றுங்கள். கிராஸ்ஓவர் எண்ணைக் கூட்டலாம், அது சொன்னதற்குக் கீழே குறைக்காதீர்கள், அந்தப் பகுதியில் உங்கள் ஸ்பீக்கருக்குத் தெம்பு இல்லை என்று அளந்துதான் சொல்லியிருக்கிறது.

தனி பவர் ஆம்ப் எப்போது? சத்தம் ஏற ஏறக் குரல் கரகரத்து, கேட்கவே களைப்பாக இருந்தால், ரிசீவர் கிளிப் ஆகத் தொடங்கியிருக்கலாம். தன்னால் முடியாத அளவு கேட்கும்போது ஆம்ப் அலையின் தலையைச் சீவிவிடும். அப்படிச் சீவிய அலையில் மேல் அதிர்வெண் சக்தி கூடுவதால் முதலில் ட்வீட்டர்தான் எரியும். சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை எரிக்காது என்று நினைப்பவர்கள் கவனிக்க. அந்த நிலை வந்தால், ப்ரீ-அவுட் (வெளி ஆம்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் இணைப்பு) உள்ள ரிசீவராக இருந்தால் முன்னால் உள்ள மூன்றுக்கு மட்டும் பவர் ஆம்ப் போடுங்கள், மற்றவற்றை ரிசீவரே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ரிசீவர் வாங்கும்போது 20 வாட் கூடுதலா என்று பார்ப்பதைவிட ப்ரீ-அவுட் இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன். கிளாஸ்-டி என்ற வகை ஆம்ப்கள் சின்னதாக, சூடில்லாமல், நன்றாகவே ஓடுகின்றன; எடை இல்லாத ஆம்பில் சத்து இருக்காது என்பதெல்லாம் பழைய கதை. ரிசீவரில் மிச்சமிருக்கும் சேனல்களை வைத்து பை-ஆம்ப் செய்வது (ஒரே ஸ்பீக்கரின் வூஃபரையும் ட்வீட்டரையும் தனித்தனிச் சேனலால் ஓட்டுவது) ஒயருக்குத்தான் செலவு, பவர் சப்ளை அதே ஒன்றுதான்.

ஒயர் சுத்தமான செம்பாக, 14 கேஜ் போதும். பிளஸ், மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் மெலிந்து குரல் நடுவில் நிற்காமல் அலையும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்றால், ஸ்பீக்கரும் பவர் ஆம்பும் தாராளமாக வாங்கலாம், ரிசீவரில்தான் நான் தயங்குவேன், ஹெச்டிஎம்ஐயும் புதுப் புது ஒலி வடிவங்களும் சீக்கிரம் பழசாகிவிடும். பழைய ஸ்பீக்கர் பார்க்கப் போனால் முன் வலையைக் கழற்றச் சொல்லுங்கள். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டும். ரப்பர் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. கூம்பை இரண்டு கையாலும் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள், உரசும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது. பிறகு சன்னமான சத்தத்தில் பாட்டைப் போட்டு ஒவ்வொரு ட்வீட்டரிடமும் காதைக் கொண்டு போங்கள். ஒன்று மந்தமாகக் கேட்டால் ஒயரை இடம் வலமாக மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். மந்தம் அதே ஸ்பீக்கரில் நின்றால் ட்வீட்டரிலோ, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரிக்க உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் சுற்றிலோ கோளாறு. மந்தம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால், கோளாறு விற்பவரின் ஆம்பில்.